பின் சீட்டில் தாத்தாவுக்கு இடமில்லை

குழந்தைகளுக்கான கார் சீட் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களோடு கொஞ்சம் பேசுங்கள் என்று கடையில் கூப்பிட்டார்கள். வந்தேன். உள்ளே நுழைந்ததும் உங்கள் முட்டியைத்தான் பார்த்தேன். எல்லாருடைய பேண்ட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இந்தப் பிரிவில் வேலை செய்கிறவரின் முட்டி சுத்தமாக இருந்தால், அவர் வாடிக்கையாளரின் காரைப் போய்ப் பார்ப்பதே இல்லை என்று அர்த்தம். குளிர்சாதனத்துக்கு அடியில் நின்றுகொண்டு, "இது எல்லாக் காருக்கும் ஆகும்" என்று சொல்லி விற்கிறார் என்று அர்த்தம். எல்லாக் காருக்கும் ஆகிற சீட் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அப்படி எழுதியிருக்கிற பெட்டிகள் உண்டு.

என் முட்டியைப் பாருங்கள். குளுவாங்கில் இதே கடையில் பால் மாவுப் பகுதியில் தொடங்கி, நாப்பி, தொட்டில், தள்ளுவண்டி என்று போய், கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கார் சீட்டில் நின்றேன். ஊரிலுள்ள கார்களின் பின் சீட்டில் எல்லாம் முட்டி போட்டிருக்கிறேன். எத்தனை காரில் பிஸ்கட் தூளும், சிந்திய மைலோவும், காய்ந்த வாந்தியும் பார்த்திருப்பேன் தெரியுமா? இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார் வேறு ஆட்களைப் பற்றி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் வாடிக்கையாளர்கள். காருக்கு ஸ்போர்ட் ரிம் போட்டிருப்பார். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பார். பின்னால் டிக்கி அதிர அதிரப் பாடுகிற ஸ்பீக்கர் இருக்கும். குழந்தை சீட்டுக்கு வந்ததும், "அக்கா, இதெல்லாம் கட்டாயமா? இல்லன்னா போலீஸ் சம்மன் குடுப்பானா?" என்று கேட்பார். போலீஸ் கேட்கமாட்டான் என்று தெரிந்தால் அவருக்கு நிம்மதி. தன் பிள்ளையின் கழுத்தைக் காப்பாற்றுவது போலீஸ்காரன் வேலை என்று நினைக்கிறவரிடம் என்னத்தைப் பேசுவது? ஆனாலும் பேச வேண்டும். நம் வேலை அது.

அடுத்தது நம் கடை ஆட்கள். இப்போது தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒருவர் என்னிடம், "அக்கா, எந்த பிராண்ட் பெஸ்ட்?" என்று கேட்டார். பெயர் சொல்லப்போவதில்லை, வெட்கப்பட வேண்டாம். அந்தப் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும், அந்தக் காரில் அசையாமல் உட்கார வேண்டும், அவசரத்தில் இருக்கிற ஒரு தாய் தினமும் சரியாக மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இதைத் தவிர பெஸ்ட் என்று ஒன்று இல்லை. ஆனால் நம் ஆட்கள் துணியின் நிறத்தை விற்பார்கள். கோப்பை வைக்கும் ஓட்டையை விற்பார்கள். முந்நூற்று அறுபது பாகை சுழலும் என்று சுழற்றிக் காட்டுவார்கள். பிள்ளை என்ன கச்சேரிக்கா போகிறது?

ஒரு பிள்ளை என்றால் எந்த முட்டாளும் சமாளித்துவிடலாம். மூன்று பிள்ளைகள் ஒரே பின் சீட்டில் என்று வந்தால்தான் நம் தொழில் தெரியும். 

ஒருநாள் ஒரு தாய் தண்ணீர்ப் போத்தல் வாங்க வந்தார். மூன்று பிள்ளைகளும் காரில் அப்பாவோடு இருந்தார்கள். போத்தலைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். நம் கடையில் வாங்கிய அகலமான சீட்டுகள் மூன்றும் இடித்துக்கொண்டு நின்றன. ஓரத்தில் உயரம் கூட்டும் பூஸ்டர் சீட்டில் உட்கார்ந்திருந்த மூத்த பெண்ணின் பெல்ட் மடியின் குறுக்கே அழகாகக் கிடந்தது. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. மாட்டவே இல்லை.

"ஏம்மா மாட்டல?"

"கை உள்ள போக மாட்டேங்குது ஆண்ட்டி. தம்பி சீட் மறைக்குது. மாட்டுன மாதிரி வெச்சுக்குவேன்."

அப்பா திரும்பிப் பார்க்கும்போது பெல்ட் தெரிகிறது, அது போதும். பெல்ட்டைப் பூட்டுகிற கொக்கி பக்கத்து சீட்டுக்கு அடியில் புதைந்துபோயிருந்தது. பல வாரங்களாக அந்தப் பெண் வெறும் நாடகத்தில் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். இதை விற்றவர் எங்கள் மேற்பார்வையாளர் சந்திரன். போய்ச் சொன்னேன். "மூணும் உள்ள போச்சுல்ல அக்கா? கதவு மூடுதுல்ல?" என்றார். அவருக்குக் கதவு மூடினால் வியாபாரம் முடிந்தது. மூன்று சீட் வைத்துக் கதவு மூடுவது ஆரம்பம்தான். மூன்று பிள்ளைகளும் மாட்டிக்கொள்ள முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் கை கழுவ வேண்டும்.

சந்திரனைப் பற்றி இன்னும் சொல்வேன். நான் சொல்ல வந்த கதையே அவரோடுதான் இருக்கிறது.

லாயாங் லாயாங்கிலிருந்து தர்ஷினி என்ற பெண் வந்தார். சினாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொருள்களின் தரம் பார்க்கும் வேலை. நிறைமாதம். கூட இரண்டு பிள்ளைகள். ஆரம்பப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் யாழினி, மூன்று வயது கவின். கவினின் தாடையில் பிளாஸ்திரி.

"மூணு சீட் வேணும் அக்கா. மூணும் பின்னாடி போடணும். கார் சின்னது."

"கார் கொண்டாந்திருக்கீங்களா?"

"நாந்தான் ஓட்டிட்டு வந்தேன். அவரு சிங்கப்பூர் வேலை, மோட்டார் சைக்கிள்ல போயிடுவாரு. கார் என்கிட்டதான் இருக்கும்."

பையனின் தாடையைக் காட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். யோங் பெங்கில் இருக்கும் அவருடைய அம்மா வீட்டுக்கு எல்லாரும் போயிருக்கிறார்கள். கணவர் குமரேசன் ஓட்டினார். இவர் வயிற்றுப் பிள்ளையோடு முன்னால். மாமனார் பின்னால், மடியில் கவின். திரும்பி வரும்போது ஆயர் ஈத்தாம் கிட்டே முன்னால் போன லோரி சட்டென்று நின்றுவிட்டது. குமரேசன் பிரேக்கை மிதித்தார். பையன் தாத்தா மடியிலிருந்து இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே பறந்து வந்து, கைப்பிரேக்கில் தாடை அடித்து விழுந்தான். தையல் போட்டிருந்தார்கள்.

"மாமா என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"பையன் துள்ளிட்டான்னு சொல்றாரு."

"உங்க வீட்டுக்காரரு?"

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்றாரு."

தர்ஷினி அதைச் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை. சோர்வுதான் இருந்தது. எனக்குத்தான் கோபம் வந்தது. ஆனால் வாடிக்கையாளரின் கணவரைத் திட்டுவதற்கு நமக்குச் சம்பளம் தருவதில்லை.

காரைப் பார்த்தேன். பழைய உள்ளூர்க் கார். பின்னால் நடு இடத்தில் இடுப்புக்குக் குறுக்கே போகும் பட்டை மட்டும்தான், தோளுக்கு மேலே வருவது கிடையாது. அதனால் பூஸ்டரில் உட்காரப்போகும் யாழினியை நடுவில் வைக்க முடியாது. வரப்போகும் குழந்தைக்குப் பின்புறம் பார்த்த சீட், அதைக் கட்டவும் தோள் பட்டை தேவை, ஆக ஓரம்தான் வேண்டும். மிஞ்சியது கவின். இடுப்புப் பட்டையாலேயே இறுக்கிக் கட்டலாம் என்று தயாரித்தவரே கையேட்டில் எழுதியிருக்கும் ஒடுக்கமான சீட் ஒன்று மாடியில் தூசி படிந்து கிடந்தது. சுழலாது, கோப்பை வைக்க இடமில்லை, ஆகையால் யாரும் வாங்கவில்லை. அதை இறக்கிக்கொண்டு வந்து, மூன்றையும் காரில் வைத்து, கட்டி, அசைத்து, மறுபடி கட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. யாழினி தானே மாட்டி, தானே கழற்றினாள்.

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இது மூணும் போட்டாச்சுன்னா பின்னாடி வேற யாரும் உட்கார முடியாது. குழந்தை பொறந்த பிறகு நீங்க ஆறு பேரு. கார்ல அஞ்சு இடம். உங்க மாமா எங்க உட்காருவாரு?"

தர்ஷினி பின் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அதான் அக்கா. கேக்கணும்."

"யாருகிட்ட?"

"ரெண்டு பேருகிட்டயும்."

எதுவும் வாங்காமல் போய்விட்டார். சந்திரன் வாசலில் நின்று சிரித்தார். "ஒரு மணி நேரம் வெயில்ல நின்னீங்க, ஒரு சீட்கூட போகல. இதே நேரத்துல நான் நாலு வித்திருப்பேன்." விற்றிருப்பார். சந்தேகமில்லை.

பிள்ளை பிறந்து, பத்தியம் எல்லாம் முடிந்து, தீபாவளி நெருக்கத்தில் அந்தக் குடும்பம் முழுவதும் ஒரே காரில் வந்து இறங்கியது. முன்னால் குமரேசனும், கைக்குழந்தையோடு தர்ஷினியும். பின்னால் இரண்டு பிள்ளைகளும் மாமனாரும். பெரியவர் லாயாங் லாயாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். வேலையாட்களை அதட்டி வேலை வாங்கிய குரல் இன்னும் அப்படியே இருந்தது. வெள்ளைச் சட்டை, நல்ல உயரம், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி.

குமரேசன் நல்ல பிள்ளை. அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. அப்பாவுக்கு நல்ல பிள்ளை. கடைக்குள் வந்ததும் என்னிடம் மெதுவாக, "அக்கா, ரெண்டு சீட் போதும்ல? சின்னத அப்பா மடியில வெச்சுக்குவாரு. அவருக்கு அதுதான் சந்தோசம்" என்றார்.

"பத்தாதுங்க. மூணு பிள்ளைக்கு மூணு சீட்."

"பக்கம்தான் லா அக்கா. வருசத்துக்கு ரெண்டு மூணு வாட்டி யோங் பெங் போவோம், அவ்வளவுதான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

இந்தச் சொல்லைக் கேட்டால் உஷாராகிவிடுங்கள். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்கிறவர் ஒருநாளும் தன் இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். வீட்டிலேயே எந்த உடம்பு சின்னதோ, அதன் தலையில்தான் போய் விடியும்.

பெரியவர் காதிலும் விழுந்துவிட்டது. "ஏம்மா, எங்க காலத்துல தோட்டத்து லோரில அள்ளிப் போட்டுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போனோம். எல்லாப் புள்ளையும் வளரலியா? இப்ப பாரு, புள்ளையக் கட்டிப் போடறதுக்குக் காசு வாங்குறாங்க."

"கவினுக்குத் தாடையில தையல் போட்டாங்களே ஐயா" என்றேன்.

"அவன் துள்ளிட்டான். வேற ஒண்ணுமில்ல. நான் புடிச்சா விடற ஆளா?"

தர்ஷினி தரையைப் பார்த்தார். குமரேசன் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்தார். அந்த விளம்பரத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் சந்திரன் உள்ளே குதித்தார். ஜொகூர் பாருவில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்த புதிது. கைவசம் ஒரு வித்தை இருந்தது. பக்கத்து மினி மார்க்கெட்டில் ஐந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று வாங்கிவரச் செய்வார். மடியில் குழந்தையை வைத்துக்கொள்வேன் என்கிறவரிடம் அதைக் கொடுத்துப் பின் சீட்டில் உட்காரவைப்பார். பார்க்கிங்கில் காரை ஓட்டி பிரேக் போடச் சொல்வார். அரிசி பறக்கும், ஆள் வாயடைத்துப்போவார், சீட் விற்கும். அவருடைய கணக்கு அது.

"வேணாம் சந்திரன்" என்றேன். "பார்க்கிங்ல என்ன வேகம் போக முடியும்? ஐயா கையைப் பாருங்க."

"அக்கா, நீங்க சும்மா இருங்க. டெமோ பாத்தாத்தான் அவங்களுக்குப் புரியும்."

நான் சும்மா இருந்தேன். மேற்பார்வையாளர் அவர்.

எல்லாரும் வெளியே வந்தோம். பெரியவர் அரிசிப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். குமரேசன் ஓட்டினார். சந்திரன் கை காட்டியதும் பிரேக். கார் குலுங்கி நின்றது. நாங்கள் எல்லாரும் கண்ணாடி வழியே பார்த்தோம். அரிசி பெரியவர் மடியிலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமா" என்றார் சந்திரன். இன்னொரு சுற்று. அரிசி அசையவில்லை. காவலுக்கு இருந்த மலாய்க்காரர் கை தட்டி, தாத்தாவுக்கு இன்னும் பலம் போகவில்லை என்று மலாயில் கத்திச் சிரித்தார். பெரியவர் கதவைத் திறந்து, பையை ஒரே கையில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? புடிச்சா விடமாட்டேன்."

குமரேசனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப ரெண்டு சீட் எடுத்துக்கலாம் அக்கா."

அலாமாக்! ஒரு வித்தை காட்டப்போய், ஒரு தப்பான எண்ணத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார் எங்கள் மேற்பார்வையாளர். அரிசி பறக்கவில்லை என்றால் பெரியவர் பிடி தவறவில்லை. பிடி தவறவில்லை என்றால் மூன்று வயதுப் பையன்தான் துள்ளியிருக்க வேண்டும். பையன் அந்த நேரத்தில் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னத் தழும்போடு நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்து யாழினி, "நீதான்டா துள்ளுன" என்றாள். இதற்குச் சந்திரன் என்ன செய்தார்? தோல்வியை விழுங்கிக்கொண்டு, "சரி, ரெண்டு எடுத்தீங்கன்னா இந்த பெல்ட் கிளிப் ஒண்ணு இலவசம்" என்றார். மனிதர் மனம் தளரவே இல்லை. அதை மட்டும் பாராட்ட வேண்டும்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கிங்கில் ஆமை வேகத்தில் காட்டுகிற எதுவும் நெடுஞ்சாலையைக் காட்டாது. காட்ட முடியாததைக் காட்டப்போகாதீர்கள். வாயால் சொல்லுங்கள்.

நான் உள்ளே போய் தர்ஷினிக்காக முன்பே எடுத்து வைத்திருந்த மூன்று சீட்டையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். யாரையும் கேட்கவில்லை. "அக்கா, ரெண்டுதானே சொன்னாங்க" என்று சந்திரன் பின்னாலேயே வந்தார். "கட்டிப் பாக்கறதுக்குக் காசு இல்லீங்க" என்றேன். பின் சீட்டில் ஏறி முட்டி போட்டேன். அந்தப் பக்கக் கதவைத் திறந்து தர்ஷினியும் குனிந்தார். கைக்குழந்தையைக் குமரேசனிடம் கொடுத்திருந்தார். முதலில் நடுவில் கவினுடைய சீட்டை வைத்து, முழங்காலால் அழுத்திப் பட்டையை இறுக்கினேன்.

பெரியவர் என் பக்கம் வந்து நின்றார். அரிசிப் பையை இன்னும் கீழே வைக்கவில்லை. சந்திரனும் குமரேசனும் கடை வாசல் நிழலுக்குப் போயிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்து, அந்த மண்டோர் குரலை எங்கேயோ வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"ஏம்மா. அன்னிக்கும் நான் இப்படித்தான் புடிச்சிருந்தேன்."

நான் கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் அவர் வீம்பு பிடிக்கிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 

"தெரியும் ஐயா. உங்க கைல ஒரு கொறையும் இல்ல. அன்னிக்கிக் கார் போன வேகம் வேற. அந்த வேகத்துல யாரு கையா இருந்தாலும் பையன் போயிருப்பான்."

"யாரு கையா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். உங்க வயசுல பாதி இருக்கிறவங்க புடிச்சிருந்தாலும் அதேதான்."

அரிசிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு, "அவன் துள்ளலம்மா" என்றார். "தூங்கிட்டிருந்தான்."

அந்தப் பக்கக் கதவில் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்த தர்ஷினியின் கை நின்றது. அவருக்குக் கேட்டுவிட்டது. நிமிர்ந்து கார் கூரைக்கு மேலே மாமனாரைப் பார்த்தார். பெரியவர் பார்வையை விலக்கவில்லை. அவர் செய்ததில் அதுதான் பெரிய காரியம் என்பேன். ஒரு மூன்று வயதுப் பையன் மேல் மாதக்கணக்காகப் போட்டிருந்த பழியை மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறக்கிவைத்தார்.

தர்ஷினி விறுவிறுவென்று கடைக்குள் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கல்லாவில் நிற்பது தெரிந்தது. திரும்பி வரும்போது கையில் பில் இருந்தது. மூன்று சீட்டுக்கும்.

மற்ற இரண்டு சீட்டையும் கட்டினேன். நான் அசைத்துப் பார்த்து முடிப்பதற்குள் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கிவிட்டார். குழந்தையை இடது ஓரத்தில் பின்புறம் பார்த்த சீட்டில் படுக்கவைத்தார். கவினை நடுவில் ஏற்றினார். யாழினி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தானே ஏறி, கிளிக் என்று மாட்டினாள். பட்டை ஒவ்வொன்றையும் நான் இழுத்துப் பார்த்தேன். கதவுகள் மூடின. பின் சீட்டில் ஒரு பூனைகூட உட்கார இடமில்லை.

தர்ஷினி கணவரிடம் கை நீட்டினார். "சாவி குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க."

கொடுத்தார். 

"மாமா, நீங்க முன்னாடி ஏறுங்க."

பெரியவர் மகனைப் பார்த்தார். "அப்ப இவன்?"

"அவரு பஸ்ல வருவாரு."

"ஏய், என்ன லா இது?" குமரேசன் சிரிக்கப் பார்த்தார். "அப்பா, நீங்க சொல்லுங்கப்பா."

அப்பா என்ன சொல்வாரோ என்று சொல்லிச் சொல்லியே மனைவி வாயை அடைத்தவர் அவர். இப்போது அப்பாவே சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார். பெரியவர் அரிசிப் பையைக் கொண்டுபோய் மகன் கையில் வைத்தார். பிறகு முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். பின்னால் குழந்தையின் சீட் இருந்ததால் முன் சீட்டைப் பின்னே தள்ள முடியவில்லை. அந்த நீளக் கால்களை மடக்கி, முட்டி டாஷ்போர்டில் இடிக்க உட்கார்ந்து, பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடினார். தர்ஷினி எட்டி மாட்டிவிட்டார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் ஒருமுறை பார்த்து, காரை எடுத்தார். தினமும் ஓட்டுகிற கை. பார்க்கிங் மூலையில் ஒரு உரசல் இல்லாமல் திரும்பிப் போனது.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். நாம் வெறும் சீட் விற்கிறோம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பின் சீட்டில் மூன்று பிள்ளைகளைச் சரியாகக் கட்டினால், அந்த வீட்டில் வளர்ந்த ஆள் ஒருவருக்கு இடம் போகிறது. அந்த ஆள் யார் என்பதுதான் அங்கே உண்மையான பேச்சு. அதைப் பேசப் பயந்துகொண்டுதான், அகலம் அதிகம், விலை அதிகம், தூரம் கம்மி, போலீஸ் பிடிக்காது என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். அவர்களோடு நீங்களும் சுற்றினால் இரண்டு சீட்டும் ஒரு இலவசக் கிளிப்பும் விற்பீர்கள். எத்தனை பேர், எத்தனை இடம் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பட்டையை இறுக்குங்கள். யார் இறங்குவது என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது, அது அவர்கள் குடும்பம். ஆனால் யாரோ ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதை மறைக்கவும் கூடாது. அந்தத் தீபாவளிக்கு யோங் பெங்குக்குக் காரை ஓட்டியது தர்ஷினிதான். பெரியவர் பக்கத்தில். குமரேசன் மோட்டார் சைக்கிளில், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, பின்னாலேயே வந்தாராம். பிறகு ஒருநாள் குழந்தைக்குச் சட்டை வாங்க வந்தபோது தர்ஷினி சொன்னார். மாமாவுக்கு இடுப்பு வலி, கால் வலி, புலம்பிக்கொண்டே வருகிறாராம். புலம்பட்டும். முட்டி வலித்தால் யாரும் தையல் போடுவதில்லை.

சந்திரனைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் முன்னேறிவிட்டார். இப்போது அவர்தான் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்வி. அரிசிப் பையோடுதான் வருவார். உங்களிடம் வந்தால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பிறகு பார்க்கிங்குக்குப் போய் முட்டி போடுங்கள்.

அன்றைக்குக் கார் போன பிறகு குமரேசன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சந்திரன் வந்து அரிசிப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் தரையில் கிடந்த காலிப் பெட்டிகளைத் தட்டையாக மடித்துக்கொண்டிருந்தேன். குமரேசன் கொஞ்ச நேரம் கார் போன திசையைப் பார்த்தார், திரும்பி வரும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, பஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?"

கை காட்டினேன்.

"நடக்கிற தூரமா?"

"பக்கம்தான்" என்றேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."